மெதுவாக நடப்பவர் முன்னே செல்லட்டும்

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “பிள்ளைகள் கொல்லிமலைக்குப் போகவேண்டும் என்கிறார்கள். அப்பாவையும் அழைத்துப் போகலாமா?” கேட்பவர் பெரும்பாலும் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். நாங்கள் விடை சொல்லும் முன்பே, அருகில் அமர்ந்திருக்கும் பெரியவர், “நான் எதற்கம்மா? நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று பேச்சை முடித்துவிடுவார்.

அவர் வீட்டில் தங்கிவிடுவதே நல்லது என்று நாங்கள் கருதவில்லை. உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது; நாட்பட்ட நோயுடன் வாழ்வோருக்கும், உடல் இடங்கொடுக்கும் வரை, இலக்கு அதுவே. அந்த நிமிடங்களில் சில, மொட்டைமாடியைச் சுற்றுவதில் கழியாமல் ஒரு மலைப்பாதையில் பேரப்பிள்ளைகளின் பேச்சைக் கேட்டபடி கழிந்தால் யாருக்கு என்ன குறை? எங்கள் கவலை எந்தப் பாதையில் போகிறார்கள் என்பதைப் பற்றியதே.

கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவல்லி வந்தால், அங்கிருந்து 70 கொண்டைஊசி வளைவுகள். மேலே சேர்ந்தபின் நிலம் ஓரளவு விரிந்து கிடக்கிறது: நெல் வயல்கள், மிளகுக்கொடி ஏறிய மரங்கள், காப்பித் தோட்டங்கள், பலா, அன்னாசி. உயரம் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர். உயரத்தால் வரும் மூச்சுக்கோளாறு பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தரும். ஆகவே, நெஞ்சக நோய் முற்றிய சிலரைத் தவிர, பெரும்பாலோர் இம்மலையின் உயரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது சரிவுக்கு.

அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து பள்ளத்தாக்கில் விழும் இடம் அது. படிகள் 1,000-க்கும் மேல். ஒரு மாடிக்கு 20 படி என்று கணக்கிட்டால் 50 மாடிகள். வீட்டுக்கு அனுப்பும் முன் இதய நோயாளி ஒருவரை நாங்கள் ஏற்றிப் பார்ப்பது ஒரு மாடி, மிஞ்சினால் இரண்டு மாடி என்பதை வாசகர்கள் இங்கே நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

ஆயினும் எண்ணிக்கையைவிட வரிசையே எங்களை அச்சுறுத்துகிறது. மலையுச்சிக்கு ஏறுபவர் களைத்தால் திரும்பிவிடலாம். திரும்பும் வழி இறக்கம். அருவிக்கும் ஆற்றுக்கும் போகிறவருக்கோ முதலில் இறக்கம், பிறகே ஏற்றம். இறங்கும்போது மூச்சு வாங்காது. நெஞ்சு எதையும் சொல்லாது. முழங்கால் மட்டும் சற்று முனகும், அதையும் பேச்சு மறைத்துவிடும். உடல் தன் எல்லையைச் சொல்லத் தொடங்கும்போது அவர் பள்ளத்தின் அடியில் நிற்கிறார்.

இதை நாங்கள் ஒரு தவறின் வழியாகக் கற்றோம். இதய அடைப்பு நீக்கப்பட்டு மூன்றாம் மாதத்தில் இருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். சமதளத்தில் அரைமணி நேரம் சிரமமின்றி நடந்துகொண்டிருந்தவர். “தாராளமாக நடக்கலாம்” என்றோம். அடுத்த வாரமே குடும்பத்தோடு அந்தப் படிகளில் இறங்கினார். ஏறும்போது நடுவழியில் நெஞ்சு இறுகியது. நாக்கின் அடியில் வைக்க வேண்டிய மாத்திரை மேலே வண்டியில் கிடந்தது. கைப்பேசியில் தொடர்பு கிடைக்கவில்லை. மகனும், முன்பின் அறியாத இளைஞர் மூவரும் வேட்டியைத் தூளியாகக் கட்டி அவரை மேலே கொண்டுவந்து சேர்த்தனர். பிழைத்தார். மறுமுறை எங்களைப் பார்க்க வந்தபோது, “நடக்கலாம் என்று நீங்கள் சொன்னதால்தான்…” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எங்கே நடக்கப் போகிறீர்கள் என்று நாங்கள் அவரைக் கேட்கவில்லை. அந்தப் பிழை எங்களுடையது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை எளிது, மிதமானது, கடினம் என்று தரம் பிரித்து, வழிகாட்டியோடு செல்லும் ஏற்பாடாகத் திறந்தது. நல்ல முயற்சி; இசைவின்றிக் காட்டுக்குள் புகுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அங்கே ‘எளிது’ என்பது உடல்நலம் உள்ளவரின் அளவுகோல். அந்தச் சொல்லை நம்பி, சிறுநீரக நோயாளியையோ முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவரையோ அழைத்துச் செல்ல வேண்டாம்.

குடும்பநடைக்கு ஏற்ற பாதை, எந்த இடத்திலும் திரும்பிவிடக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. செம்மேட்டைச் சுற்றியுள்ள ஊர்ச்சாலைகள் அப்படிப்பட்டவை. வாசலூர்ப்பட்டி படகுத்துறைப் பக்கம் காலை வேளையில் நடந்து பாருங்கள். அருவி பார்த்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு மாசிலா அருவி இருக்கிறது. படிகள் மிகக் குறைவு. மலை ஏறவே முடியாதவர்களுக்கு, அதே ஐயாறு மலையடிவாரத்தில் வெளிப்படும் புளியஞ்சோலை உண்டு. அங்கே நிழலில் ஆற்றங்கரையோரம் நடக்கலாம். பாசி படிந்த பாறைகளில் மட்டும் காலை வைக்காதீர்கள். மேலே மழை பெய்திருந்தால் நீருக்குள்ளும் இறங்காதீர்கள்.

இனி, நடக்கும் முறை. நம் குடும்பங்களில் பிள்ளைகள் முன்னே ஓடுவார்கள், இளையவர்கள் அவர்களைத் துரத்துவார்கள், நோயுற்றவர் கடைசியில் வருவார். முன்னே சென்றவர்கள் ஒரு திருப்பத்தில் நின்று தண்ணீர் குடித்து இளைப்பாறிக் காத்திருப்பார்கள். அவர் வந்து சேர்ந்ததும், “வந்துவிட்டாரா, சரி கிளம்புவோம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு மிகுதியாகத் தேவைப்படும் ஒருவருக்கு மட்டும் ஓய்வே கிடைப்பதில்லை. ‘என்னால் எல்லோருக்கும் தாமதம்’ என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ள, வலியை அவர் வாய்விட்டுச் சொல்வதுமில்லை. ஆதலால் மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். அவரைத் தாண்டிச் செல்வதில்லை என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். எட்டு வயதுப் பேத்திக்கு இது பெரிய தண்டனை என்பதை அறிவோம். வழியில் தென்படும் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணும் பொறுப்பைக் கொடுத்தால் சற்று நேரம் தாங்குவாள்.

நடக்கும்போது இயல்பாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள். நாடித்துடிப்பை எண்ணி அளவிட வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களுக்கு அந்த எண்ணிக்கை ஏமாற்றும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், நேரத்துக்கு உண்டபின் நடக்கட்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர் புதுச் செருப்போடு மலைக்கு வரலாகாது. மாத்திரைகளும் மருத்துவமனைச் சுருக்க அறிக்கையின் நகலும் நடப்பவரின் தோளிலேயே தொங்க வேண்டும். 108-ஐ அழைத்தாலும் வண்டி அந்த 70 வளைவுகளையும் கடந்தாக வேண்டும் அல்லவா?

பராமரிப்பவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓராண்டாக வாசல் தாண்டாத மனைவிக்கு அந்த அருவியைப் பார்க்கும் ஆசை இருக்கலாம். ‘அவரை விட்டுவிட்டு நான் மட்டுமா?’ என்று தயங்குவார். கோயில் முன்னே கணவரோடு மகன் ஒரு மணி நேரம் உட்காரட்டும். அம்மா மகளோடு இறங்கி வரட்டும். மறுநாள் முறை மாறட்டும். இதைக் குற்றவுணர்வின்றிச் செய்ய வேண்டும் என்று நோயாளிகளின் சார்பிலும் கேட்டுக்கொள்கிறோம். தம்மால் மனைவி அடைபட்டுக் கிடக்கிறாரே என்று அவர்களில் பலர் எங்களிடம் வருந்தியிருக்கிறார்கள்.

தூளியில் ஏறி வந்தாரே, அவர் சென்ற தை மாதம் மீண்டும் கொல்லிமலைக்குப் போய்வந்தார். இம்முறை பாதையின் பெயரையும் தொலைவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு முன்னரே எங்களிடம் வந்துவிட்டார். படிகளின் தலைப்பில் நின்று அருவியின் ஓசையைக் கேட்டாராம். செம்மேட்டுச் சாலையில் நாற்பது நிமிடம், எல்லோருக்கும் முன்னால் நடந்தாராம். திரும்பும் வழியில் சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி வாங்கினார்கள். அவர் எத்தனை துண்டு தின்றார் என்பதில் மட்டும் கணவன் மனைவி கணக்குகள் ஒத்துப்போகவில்லை.