கூரைக்கும் கடைக்காலுக்கும் யார் பொறுப்பு?

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழர், தலைமுறை தலைமுறையாகப் பிறர் கட்டிய வீட்டிலேயே வாழ்ந்தனர். லயத்தின் கூரை அத்தாப்பா தகரமா என்பதைத் தோட்ட நிருவாகம் முடிவு செய்தது. தரை மண்ணா சிமெண்டா என்பதையும் அதுவே முடிவு செய்தது. கூரை ஒழுகினால் கிராணியாரிடம் முறையிடலாம்; அதற்குமேல் தொழிலாளிக்கு உரிமையும் இல்லை, வேலையும் இல்லை. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் பொறுப்பை முதலாளியின் தோள்மீதே ஏற்றின. அது நியாயமே. ஆயினும் வீடு என்பது பிறர் தரும் பொருள் என்னும் எண்ணம் இதனூடே நெஞ்சில் வேரூன்றிவிட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கலாம் என்பதை அச்சங்கம் மெய்ப்பித்தது. நிலம் சொந்தமாகலாம் என்ற துணிவு அன்று பிறந்தது. அத்தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று சொந்த மனையில் வீடு எழுப்புகின்றனர். பெருமைக்குரிய செய்திதான். ஆனால் பழைய எண்ணம் போயிற்றா? கிராணியாரின் இடத்தில் குத்தகையாளர் அமர்ந்திருக்கிறார், அவ்வளவே!

வீடு கட்டுவோர் எவற்றைக் கேட்கின்றனர்? வாசல் எத்திசை நோக்க வேண்டும், முகப்புத் தூண் எத்தனை, தரைக்கு எந்த நிறத்து ஓடு, வெளிக்கதவில் என்ன வேலைப்பாடு என்று மாதக்கணக்கில் ஆராய்கின்றனர். மனையடி நூலை நம்புவது அவரவர் உரிமை. ஆனால் மனையின் அடியில் இருக்கும் மண் எத்தகையது, கடைக்கால் எவ்வளவு ஆழம், கூரையின் எடை எவ்வளவு, அக்கூரையில் விழும் மழை எங்கே போகும் என்று கேட்போர் எத்தனை பேர்? கண்ணுக்குத் தெரிவதற்குப் பணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாததற்குக் கேள்விகூட இல்லை.

"அவை பொறியாளரின் வேலை, படிக்காத பாட்டாளி அவற்றை எப்படி அறிவான்?" என்பர் சிலர். கணக்கிடுவது பொறியாளரின் வேலைதான். கேட்பது வீட்டுக்காரரின் வேலை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் ஒப்புதலின்றிக் கட்டடம் எழுப்பலாகாது. சுங்கை சிப்புட்டுக்கு அம்மன்றம் கோல கங்சார் நகராண்மைக் கழகம். ஒப்புதல் பெற்ற வரைபடம் பெட்டிக்குள் உறங்க, கட்டடம் குத்தகையாளரின் மனம்போல் எழும்புமானால் அச்சட்டத்தால் யாருக்கு நன்மை?

கூரையும் கடைக்காலும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. கூரையின் பாரம் உத்தரத்திற்கும், உத்தரத்தின் பாரம் தூணுக்கும், தூணின் பாரம் கடைக்காலுக்கும் இறங்குகிறது. 1,000 சதுர அடிக் கூரையைத் தகரத்தால் வேய்ந்தால் எடை அரை டன் அளவில் நிற்கும். அதையே ஓட்டால் வேய்ந்தால் மூன்றரை டன்னைத் தாண்டிவிடும். தகரத்திற்கென்று எழுப்பிய பழைய சுவரின்மேல் அழகுக்காக ஓடு ஏற்றுவோர், கடைக்காலைக் கேட்காமலே அதன் தலையில் மூன்று டன் சுமையை வைக்கின்றனர். தகரத்திற்கோ வேறு கவலை. சூறைக்காற்று அதனைத் தூக்கும். கைமரத்தை உத்தரத்தோடும் உத்தரத்தைத் தூணோடும் இறுகப் பிணைத்தாலன்றி அது நிலைக்காது.

மழையும் அப்படியே. 50 மில்லிமீட்டர் மழை பேராக் மாநிலத்தில் புதுமையன்று. ஒரே மாலையில் அவ்வளவு பெய்தால், அக்கூரையிலிருந்து 4,600 லிட்டர் நீர் இறங்கும். இறவாரம் குறுகி, நீரை ஏந்தும் வாய்க்காலும் இல்லையென்றால், அத்தனையும் சுவரோரம் வீழ்ந்து கடைக்கால் மண்ணை இளக்கும். சுவரில் விரிசல் கண்டபின் சுண்ணம் பூசி மறைப்பது நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுவதாகும்.

நிலமோ எளியதன்று. தெற்கே கிந்தாப் பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புப் பாறை பரந்து கிடக்கிறது. நீர் அதனைக் கரைத்துக் குடைவதால் மேல்மண் உள்வாங்குவதுண்டு. ஈயம் எடுத்த நிலங்களில் தளர்ந்த மணலும் சேறும் நிரம்பியுள்ளன. இத்தகைய இடத்தில் மண்ணைச் சோதியாமல் கடைக்கால் இடுவது சூதாட்டமே. சரிவு நிலத்தில் வீட்டின் அடியில் நிலவறை அமைக்க விரும்புவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். நிலத்தடி நீர் சுவரை உள்நோக்கித் தள்ளும். தரையை மேல்நோக்கி உந்தும். நீர்க்காப்பும் வடிகாலும் கட்டும்போதே அமைய வேண்டும். பின்னர்த் திருத்த முனைவோர் இருமடங்கு செலவிட்டும் பாதிப் பயனே காண்பர்.

இதில் தமிழ்ப்பள்ளிக்குப் பங்கில்லையா? 'என் வீடு' என்ற தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரையில் சுவரின் வண்ணம் வரும். முற்றத்து மலர் வரும். சுவரைத் தாங்குவது எது என்பது வராது. உத்தரம், கைமரம், முகடு, இறவாரம், கடைக்கால் ஆகிய சொற்கள் தமிழில் இல்லாமற் போயினவா? இருக்கின்றன, வகுப்பறைக்குள் நுழையவில்லை. பெயர் தெரியாத பொருளைப் பற்றி எவரும் கேள்வி கேட்பதில்லை. கூரையின் பரப்பும் மழையின் அளவும் கணக்குப் பாடத்தில் இடம்பெற்றால், பெற்றோர் கேட்கத் தயங்கியதை நாளை அப்பிள்ளைகள் கேட்பர்.

லயத்தில் வாழ்ந்தவருக்குக் கூரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மறுக்கப்பட்டது. சொந்த மனையில் நிற்பவர் அவ்வுரிமையைத் தாமே கைவிடுவது அந்த முன்னோரின் உழைப்புக்கு இழைக்கும் அவமதிப்பாகும். வெளிக்கதவின் வேலைப்பாடு காத்திருக்கட்டும். முதற்செலவு மண்ணுக்கும் கூரைக்கும் ஆகட்டும்.