போர்த்தளவாடமும் உக்கிராணக் கணக்கும்

போர் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண்முன் தோன்றுவன கொடிகளும், குதிரைகளும், பீரங்கிகளும், அவற்றை நடாத்திய தளபதிகளின் உருவங்களுமேயாம். அத்தளபதிகளுக்கு வெடிமருந்தும், வீரர்களுக்கு அரிசியும், மாடுகளுக்குத் தீனியும் கொடுத்தவன் யார் என்று நாம் கேட்பதில்லை. சரித்திர நூல்களும் பெரும்பாலும் அவனை மறந்துவிடுகின்றன. எனினும் படைகளின் வெற்றி தோல்விகளைச் சற்று ஆழ்ந்து நோக்குவோர்க்கு, வாள் பிடித்தவன் கையினும் உக்கிராணத்தின் திறவுகோல் பிடித்தவன் கையே பல வேளைகளில் வலிமையுடையது என்பது புலனாகும். ஆங்கில அரசாங்கத்தார் போர்த்தளவாடங்களை மேற்பார்க்க ஏற்படுத்திய நிர்வாகங்களின் வரலாற்றைக் கூறி, அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றை நம் மாணவ நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பாடத்தைத் தொடங்கத் தேம்ஸ் நதிக்கரைக்குச் செல்ல வேண்டுவதில்லை; பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரம் வரை சென்றால் போதும். வாலீசுவரர் கோயிலைத் தரிசிக்கச் செல்வோரும், ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில்மேல் ஏறி நிற்போரும் தம் காலடியிலுள்ள நிலத்தில் ஒரு பெரும்போரின் தலைவிதி நிர்ணயமாயிற்று என்பதைப் பெரும்பாலும் அறியார். 1751 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் மகம்மதலியும் ஒருபுறமும், பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிபும் மறுபுறமுமாக இப்பகுதியில் எதிர்ப்பட்டனர். ஆங்கிலப் படை நிலைகுலைந்து திருச்சிராப்பள்ளியை நோக்கிப் பின்வாங்கியது. அடுத்த ஆண்டில் நிலைமை மாறிற்று. திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத் தீவினுள் ஒதுங்க நேர்ந்தது. கிளைவ் சமயபுரத்தில் தங்கி, அத்தீவுக்கு வடக்கேயிருந்து வரும் வழியை அடைத்தான். டியூப்ளே பாண்டிச்சேரியிலிருந்து ஆட்களும், பணமும், தளவாடங்களும் சேர்த்து ஒரு படையை அனுப்பினான். அது ஊட்டத்தூர் வரை வந்து, மேலே செல்ல மாட்டாது வாலிகண்டபுரத்துக்குத் திரும்பி, அங்கே 1752 ஆம் ஆண்டுக் கோடையிற் கிளைவிடம் சரணடைந்தது. சில நாட்களுள் ஸ்ரீரங்கத்திலிருந்த பிரெஞ்சுப் படையும் சரணடைந்தது. சந்தா சாகிபும் கொல்லப்பட்டான்.

தீவிலிருந்த படைக்குத் துணையாக வந்த ஆட்களும் தளவாடங்களும் வழியிலேயே சிக்கியமையால் அப்படை தீவினுள் இருந்தவாறே தோற்றது. கர்நாடகத்தின் அரசுரிமை அன்று அந்த வழித்துணையைச் சார்ந்திருந்தது.

இனி, ஆங்கிலேயர் தம் நாட்டில் இப்பொறுப்பை எவ்வாறு நடத்தினர் என்று காண்போம். தளவாடத் தலைவர் என்னும் பதவி அங்கே 15 ஆம் நூற்றாண்டு முதற் காணப்படுகிறது. லண்டன் கோபுரம் என்னும் பழங்கோட்டையே அப்பதவியாளரின் பண்டகசாலையாயிருந்தது. காலப்போக்கில் அது ஒரு சபையாக வளர்ந்து, தரைப்படை கடற்படை இரண்டுக்கும் பீரங்கியும் வெடிமருந்தும் கொடுக்கும் தளவாடச் சபையாயிற்று. கோட்டைகளும், பீரங்கிப் படையும், பொறியாளர் படையும் அதன் ஆட்சியில் இருந்தன. நாட்டின் படங்களை வரையும் அளவைத் துறையும் 1791 ஆம் ஆண்டில் இச்சபையின் கீழேயே தோன்றியது. நம் தென்னாட்டில் முதலிற் பெயர் பெற்றுப் பின்னர் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லியும் 1819 முதல் 1827 வரை அதன் தலைவராக இருந்தார்.

இச்சபையின் அமைப்பில் நம் கவனத்துக்குரிய ஒன்றுண்டு. வந்த பொருளின் தரத்தைச் சோதிக்க ஒருவர், கணக்கெழுத ஒருவர், பொருளைக் காக்க ஒருவர், வெளியே கொடுக்க ஒருவர், பணம் செலுத்த ஒருவர் எனப் பொறுப்புக்கள் வெவ்வேறு கைகளிற் பகுக்கப்பட்டிருந்தன. ஒருவன் பிழை மற்றொருவன் ஏட்டில் வெளிப்பட வேண்டும் என்பது இதன் உட்கருத்து. இலஞ்சம் அங்கே இல்லாமற் போயிற்று என்று நாம் கூறவில்லை. மனித இயல்பை அறிந்தோர் வகுத்த நல்ல வேலி அது என்று மட்டுமே கூறுகிறோம். கிழக்கிந்தியக் கம்பெனியாரும் 18 ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிற் சென்னையில் இராணுவ போர்டு ஒன்றை ஏற்படுத்தித் தம் படைக்கான தளவாடங்களை மேற்பார்த்தனர்.

வேலி மாத்திரம் பயிரைக் காத்துவிடாது என்பதைக் கிரிமியப் போர் உலகுக்குக் காட்டிற்று. 1854 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பலக்லாவாத் துறைமுகத்தில் நடந்தவை ஆங்கில நாட்டார் இன்றும் நாணத்தக்கவை. பீரங்கி ஒரு துறையின் பொறுப்பு. உணவு கமிசரியட்டு என்னும் வேறு துறையின் பொறுப்பு. உடை, மருந்து ஆகியவற்றுக்கோ வேறு வேறு அதிகாரிகள். நவம்பர் மாதப் புயலிற் குளிர்காலத்து உடைகளை ஏற்றி வந்த கப்பல் மூழ்கியது. விறகின்றித் தவித்த வீரர்களுக்கு வறுக்காத காப்பிக்கொட்டை வழங்கப்பட்டது. சொறிகரப்பான் நோயைத் தடுக்கும் எலுமிச்சைச் சாறு துறைமுகத்துக்கு வந்திருந்தும், வழங்கும் ஆணையின்றி வாரக்கணக்கிற் கிடந்தது. ஒவ்வோர் அதிகாரியும் தம் ஏடு சரியாக இருக்கிறதென்றே காட்ட வல்லவராயிருந்தனர். ஏடுகள் சரியாயிருக்க, மனிதர் மடிந்தனர். 1855 ஆம் ஆண்டு ஜனவரியிற் பார்லிமெண்டில் விசாரணை கோரும் தீர்மானம் நிறைவேறியது, மந்திரிசபை வீழ்ந்தது, அவ்வாண்டிலேயே பழம்பெருந் தளவாடச் சபையும் கலைக்கப்பட்டது.

கைகளைப் பகுத்தவர்கள் அவற்றையெல்லாம் ஆளும் தலை ஒன்றை வைக்க மறந்தனர். பகுப்பு இருந்தது, முழுமைக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவன் இல்லை.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் முதல் உலகப் போரில் அதே குறை வேறு வடிவில் தோன்றிற்று. 1915 ஆம் ஆண்டு மே மாதத்திற் பீரங்கிக் குண்டுகள் போதவில்லை என்னும் செய்தி லண்டன் பத்திரிகையில் வெளியாகிப் பெருங் கிளர்ச்சியை உண்டாக்க, லாயிட் ஜார்ஜின் தலைமையிற் போர்த்தளவாட மந்திரிப் பதவி ஒன்று ஏற்பட்டது. நம்மவர் பட்ட துன்பமோ இதனினும் பெரிது. மெசபொத்தேமியாவிற் குட் நகரத்தில் முற்றுகைப்பட்ட படை உணவின்றி வாடி, 1916 ஆம் ஆண்டு ஏப்ரல் 29 ஆம் நாள் துருக்கரிடம் சரணடைந்தது. அப்படையிற் பெரும்பாலோர் இந்தியரே. காயமுற்றோரை ஏற்றிச் செல்லத் தக்க படகும், மருந்தும், மருத்துவரும் இன்மையால் நேர்ந்த கொடுமைகளை 1917 இல் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை எடுத்துரைத்தது. இந்தியா மந்திரி ஆஸ்டின் சேம்பர்லேன் பதவியைத் துறந்தார்.

அவ்வாண்டிலேயே இந்தியப் போர்த்தளவாட போர்டு நிறுவப்பட்டது. அதன் தலைவர் சர் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியல் அறிஞர். அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளையும், அவற்றிற் புதைந்து கிடக்கும் பண்டைக் கடலுயிர்களின் சுவடுகளையும் 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆராய்ந்தவர் பிளான்போர்டு. அவர் பணியாற்றிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கே 1903 முதல் 1909 வரை ஹாலந்து தலைவராக விளங்கினார். எப்பொருளையும் சீமையிலிருந்து தருவித்துப் பழகிய அரசாங்கம், கப்பல் வழி தடைப்பட்ட அந்நாளில், இந்நாட்டில் என்ன விளைகிறது, என்ன செய்யக்கூடும் என்று அவர் வாயிலாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது.

சென்னை இராஜதானியிற் பதப்படுத்திய தோல் ஆங்கிலப் படைவீரரின் பாதரட்சைக்கு இன்றியமையாததாயிற்று. அத்தோலைப் பதப்படுத்த உதவியது ஆவாரம் பட்டை. பெரம்பலூர் அரியலூர் மேட்டு நிலங்களிலும் நம் நாட்டுப் புன்செய்க் காடுகள் எங்கும் தானே முளைத்துப் பொன்னிறப் பூப்பூக்கும் அவ்வேழைச் செடி, பிரான்சு தேசத்துச் சேற்றில் நின்ற வீரனின் காலைக் காத்தது என்பதை எண்ணும்போது வியப்பு உண்டாகிறது. அப்போருக்காகப் பட்டை உரித்த எளிய மக்களின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

இந்த போர்டின் முடிவு வருந்தத்தக்கது. அவசரத்தின் பேரால் கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான பண்டங்கள் வாங்கப்பட்டன. யுத்தம் முடிந்தபின், போர்டை ஏமாற்றினர் என்று கல்கத்தாவிற் சிலர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1921 ஆம் ஆண்டில், அப்போது இராஜப்பிரதிநிதியின் நிர்வாக சபையில் அங்கத்தினராயிருந்த ஹாலந்து, அவ்வழக்கு மீட்டுக்கொள்ளப்படுமாறு செய்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவர் பதவியைத் துறக்க நேர்ந்தது. அவர் அறிவுடையவர், உழைப்பாளி, அவர்மீது எழுந்த குறை அவர் தம் கைக்குப் பணம் எடுத்தார் என்பதன்று. பொதுமக்களின் பணம் பற்றிய வழக்கைப் பொதுமக்கள் அறியாதபடி முடித்துவிடத் தமக்கு உரிமையுண்டு என்று எண்ணினார் என்பதே குறை. கிரிமியாவிற் கைகள் இருந்தன, தலை இல்லை. இங்கே தலை இருந்தது. அதனைக் கேள்வி கேட்கும் நாவை அத்தலையே அடக்க முயன்றது.

நம் பணத்தின் கணக்கை நாம் கேட்கும் உரிமை அந்நாளில் எவ்வளவு குறுகியிருந்தது என்பதையும் நினைக்க வேண்டும். 1919 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இராணுவச் செலவு இந்தியச் சட்டசபையின் வாக்குக்கு உட்படாதது. உழவன் வரி கொடுத்தான்; அவன் பிரதிநிதிக்கு அதன்மீது வாக்கில்லை. 1921 இல் முதன்முதலாக ஏற்பட்ட பொதுக் கணக்குக் குழுவே சிறு வாயிலாகத் திறந்தது. 1950 இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியற் சட்டம் அவ்வாயிலை அகலமாக்கிற்று. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாட்டுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்பது இன்று சட்டம்.

யுத்த காரியங்கள் இரகசியமாயிருக்க வேண்டுமே, கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் கெடாதோ என்று சிலர் வினவலாம். எந்தப் பீரங்கி எந்த எல்லையில் நிற்கிறது என்பது இரகசியமாயிருத்தல் நியாயமே. அப்பீரங்கிக்குக் கொடுத்த விலை என்ன, அதனைச் சோதித்தவர் யார், சோதனையில் தவறியதை ஏற்றுக்கொண்டவர் யார் என்பவற்றைத் தணிக்கையாளருக்கும் மக்கள் மன்றத்துக்கும் மறைத்தல் எவ்வாறு நியாயமாகும்? பகைவன் அறிந்தால் தீங்கு என்பது ஒன்று. குடிமகன் அறிந்தால் வெட்கம் என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலாவதன் போர்வைக்குள் மறைப்பது எக்காலத்தும் நிகழும் தந்திரம். காரியம் கெடுவது கணக்குக் கேட்பதாலன்று. குட் நகரத்திற் காரியம் கெட்டது, படை புறப்படும் முன் கணக்குக் கேட்பார் இல்லாமையாலேயே.

இது பழங்கதையன்று. 1966 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டபோது, பெரம்பலூரும் அரியலூரும் அம்மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. நீலகிரியின் அருவங்காட்டிலுள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையோ ஆங்கிலேயர் காலத்தது. இவை போன்ற 41 தொழிற்சாலைகளை நடத்திவந்த தளவாடத் தொழிற்சாலை வாரியம் 2021 ஆம் ஆண்டு அக்டோபர் 1 ஆம் நாள் கலைக்கப்பட்டு, அவை 7 அரசாங்கக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. இம்மாற்றம் நன்றென்பாரும் தீதென்பாரும் உளர். தொழிலாளர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 1855 இற் சபை கலைந்தது. 1921 இல் போர்டின் பெயர் கெட்டது. 2021 இல் வாரியம் கம்பெனிகளாயிற்று. பலகையின் மேலுள்ள பெயர் மாறுவதால் மட்டும் பயனில்லை என்பதே நம் கருத்து. கைகள் பகுக்கப்பட்டிருக்கின்றனவா, விடை சொல்லும் தலை ஒன்று உண்டா, அத்தலையைக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டா என்னும் மூன்று வினாக்களையும் புதிய கம்பெனிகளிடமும் நாம் கேட்டுக்கொண்டேயிருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்களுட் பலர் நாளை ஏதோ ஓர் உக்கிராணத்தின் திறவுகோலை ஏந்துவீர்கள். அது அரசாங்கப் பண்டகசாலையாயிருக்கலாம், கூட்டுறவுச் சங்கமாயிருக்கலாம், ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியாயிருக்கலாம். இன்றே சிலர் விடுதியின் சமையற் கணக்கை ஏந்தி நிற்கிறீர்கள். பத்து மூட்டை அரிசியின் கணக்கை நண்பன் கேட்கும்போது முகஞ் சுளிப்பவன், பத்துக் கோடியின் கணக்கை நாடு கேட்கும்போது கதவடைப்பான். நம் வேதத்திலுள்ள உக்கிராணக்காரனின் உவமையை நாம் சிறு பிராயமுதற் கேட்டு வருகிறோம். எஜமான் கணக்குக் கேட்ட அந்நாளில் அவன் நடுங்கினான். குடியாட்சியில் எஜமான் மக்களே. கேட்கத் தெரிந்த எஜமானும், கேட்கும் முன்னரே ஏட்டை விரித்து வைக்கும் உக்கிராணக்காரனும் நம் நாட்டில் பெருகுவார்களாக.