பத்து வயது நாயோடு வர வேண்டிய காகிதம்

பெங்களூருவில் செல்லப்பிராணி மருத்துவம் பார்க்கிற எல்லோருக்கும் இந்தத் தொலைபேசி அழைப்பு பழக்கமானதுதான். "டாக்டர், எங்க லேபுக்குப் பதினோரு வயசு ஆச்சு. நாங்க மார்ச்சுல கனடா போறோம். யாராவது வச்சுக்குவாங்களா?" கனடா இல்லையென்றால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லியிருப்பார். அதுவும் இல்லையென்றால் நாயை வளர்த்த அப்பா போன மாதம் தவறியிருப்பார். அம்மா ஒயிட்ஃபீல்டில் மகள் வீட்டுக்குப் போகிறார், அங்கே கைக்குழந்தை இருக்கிறது. கேட்கிறவர் குரல் பாதியில் உடைந்துவிடும். இரண்டு காப்பகங்களின் எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதுதான் நம் தொழிலில் வழக்கமாக இருக்கிறது. அந்த எண்களைக் கொடுப்பதற்கு முன்னால் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை இந்த இதழில் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

இந்த ஊரில் நல்ல மனிதர்கள் நடத்தும் காப்பகங்கள் உண்டு. கிரிஸ்டல் ராஜர்ஸ் 1991இல் தொடங்கிய கூபா, வீடுகளில் வளர்ந்து கைவிடப்பட்ட நாய்களுக்கென்றே ‘செகண்ட் சான்ஸ்’ என்ற தத்து மையத்தை நடத்திவருகிறது. யெலஹங்கா பக்கம், சார்லி என்ற மூன்று கால் நாயின் பெயரைத் தாங்கிய காப்பகம் இருக்கிறது. வண்டியில் அடிபட்ட தெருநாய், பார்வோ வந்த குட்டி, இரவோடு இரவாக கேட்டில் கட்டிவிட்டுப் போன ஹஸ்கி என்று எல்லாம் இவர்கள் தலையில்தான் விழுகின்றன. குட்டியைக் கேட்டு ஒரே நாளில் நாலு பேர் வருவார்கள். பதினோரு வயது லேபைக் கேட்டு வருகிறவர் அபூர்வம்.

வயதான நாய்க்குக் காப்பகத்தில் ஆகும் சேதம் வேகமானது. காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாயின் கார்டிசால் அளவு வீட்டு நாயினுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததை ஹென்னெஸி குழுவினர் 1997இலேயே காட்டினார்கள். இளம் நாய் அதிலிருந்து மீண்டுவிடும். கிழ நாய் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். சிமெண்ட் தரையில் படுத்தால் முழங்கை தோல் புண்ணாகும். நடை குறையும், பின்தொடையில் சதை கரையும். அந்த வயதில் கரைந்த சதை திரும்ப ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்துத் தத்தெடுக்க வருகிறவர் பார்ப்பது, வந்த அன்று இருந்த நாயை அல்ல. ஆகவே முதியநாயைப் பொறுத்தவரை நாம் பிடிவாதமாக முயல வேண்டியது, வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீடு. காப்பகத்தின் கூண்டு வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

நேராக வீடு கிடைக்குமா? கிடைக்கும். தத்தெடுக்க நினைப்பவர்களோடு பேசிப் பார்த்தால் அவர்களைத் தடுப்பது நாயின் வயது மட்டுமல்ல என்பது புரியும். இன்னும் எத்தனை வருஷம் இருக்கும், மாதம் மருந்துக்கு எவ்வளவு ஆகும், ராத்திரி தூங்குமா, இந்தக் கட்டி என்ன? இவைதான் அவர்களுடைய கேள்விகள். பதில் தெரியாததால் பயம், பயத்தினால் "யோசித்துச் சொல்கிறோம்". அந்தப் பதில்கள் எங்கே இருக்கின்றன? பத்து வருடமாக அந்த நாயைப் பார்த்துவந்த மருத்துவரின் கேஸ் ஷீட்டில் இருக்கின்றன. ஆனால் நாயோடு போவது தடுப்பூசி அட்டை மட்டும். ரேபிஸ் ஸ்டிக்கர், டிஹெச்பிபிஐ ஸ்டிக்கர், கிளினிக் முத்திரை, படிக்க முடியாத ஒரு கையெழுத்து. எடை எழுதும் கட்டம் காலி. முந்தின வருடம் கிரியேட்டினின் எவ்வளவு இருந்தது, பற்களைச் சுத்தம் செய்தபோது மயக்க மருந்தை எப்படித் தாங்கியது, இடியோசைக்கு என்ன செய்யும் என்பதெல்லாம் கிளினிக் கணினியிலேயே தங்கிவிடுகின்றன. நாய் தன் மருத்துவ வரலாற்றை இழந்துவிட்டுத்தான் புது ஊர் போகிறது.

மார்பில் எலுமிச்சை அளவு கட்டி இருக்கும் லேபை எடுத்துக்கொள்வோம். பார்க்க வந்தவரின் கை அதில் பட்ட மாத்திரத்தில் அவர் மனதில் ‘கேன்சர்’ என்ற சொல் ஓடிவிடும். அந்த வயது லேபில் தோலுக்கடியில் நழுவும் மெத்தென்ற கட்டி பெரும்பாலும் கொழுப்புக் கட்டிதான். தொட்டுச் சொல்வதோடு நிறுத்தாமல் ஊசி போட்டு உறிஞ்சி, ஸ்லைடில் தேய்த்து, சாயமேற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மாஸ்ட் செல் கட்டி இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த வரி ஒரு நாய்க்கு வீடு வாங்கித் தரும். கண்ணும் அப்படித்தான். ஏழெட்டு வயதுக்கு மேல் லென்ஸ் இறுகி நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். பார்க்கிறவர்கள் கண்புரை, குருடு என்றே முடிவுகட்டுவார்கள். ஆஃப்தல்மாஸ்கோப்பில் பார்த்தால் விழித்திரை தெளிவாகத் தெரிகிறது. பார்வை போதுமானதாகவே இருக்கிறது. இதைச் சொல்ல நம்மைத் தவிர வேறு யாருக்கும் தகுதி இல்லை.

உண்ணிக் காய்ச்சல் இந்த ஊரின் நிரந்தரத் தொல்லை. எர்லிக்கியாவுக்கு ஆன்டிபாடி பாசிட்டிவ் என்ற பழைய கிட் முடிவு ஒன்று நாயோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்துத் தத்தெடுக்க வந்தவர் பின்வாங்குவார். சிகிச்சை முடிந்தபிறகும் ஆன்டிபாடி நெடுநாள் தங்கும் என்பதையும், இன்றைய பிளேட்லெட் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதினால்தான் அந்த முடிவுக்கு அர்த்தம் உண்டு. இதய முணுமுணுப்பு உள்ள பொமரேனியனுக்கும் இதே கதைதான். இதயம் பெரிதாகி, ஆனால் செயலிழப்பு இன்னும் வராத கட்டத்தில் பிமோபெண்டான் தொடங்கினால் செயலிழப்பு வரும் நாள் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016இல் வெளிவந்த எபிக் ஆய்வு சொன்னது. ‘இதய நோய்’ என்று மொட்டையாக எழுதுவதற்கும், எந்தக் கட்டம், எந்த மாத்திரை, என்ன எதிர்பார்க்கலாம் என்று எழுதுவதற்கும் நடுவில் ஒரு நாயின் மிச்ச வாழ்க்கை கிடக்கிறது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நாயை விட்டுவிட வருகிறவர்கள் சொல்லும் காரணங்களில் பல, உண்மையில் நோய்க்குறிகள். "வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகுது." கருத்தடை செய்த பெட்டை என்றால் சுருக்குத் தசைத் தளர்ச்சி, இல்லையென்றால் சிறுநீரகம், சர்க்கரை, குஷிங்ஸ், சிறுநீர்ப்பாதைத் தொற்று. "பேரன் தொட்டா உறுமுது." இடுப்பு மூட்டைத் தொட்டுப் பாருங்கள், பல்லைத் திறந்து பாருங்கள். "ராத்திரி பூரா சுத்திச் சுத்தி வந்து குரைக்குது." கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2001இல் வந்த ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திலும், 15, 16 வயதில் 68 சதவீதத்திலும் மூளை முதுமையின் ஒரு அறிகுறியாவது இருந்தது. சிறுநீரகத்தையும் கல்லீரலையும் சோதித்துவிட்டு, இரண்டு வாரம் வலிநிவாரணி கொடுத்துப் பார்த்தாலே உறுமல் நின்ற நாய்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வழுக்கும் டைல்ஸ் மேல் நாலு ரப்பர் பாய் விரித்ததும் எழுந்து நடந்த நாய்களையும்தான். சில குடும்பங்களுக்குத் தேவைப்படுவது காப்பகத்தின் எண்ணே அல்ல. அரை மணி நேரம் பொறுமையாகப் பரிசோதித்து, "இது திமிர் இல்லைங்க, வலி" என்று சொல்லும் மருத்துவர். வீடு தேடுவதில் முதல் வேலை, இருக்கிற வீட்டைக் காப்பாற்றுவது.

அப்படியும் முடியாமல் போகும். அப்போது வந்தவரைத் திட்டாதீர்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், தக்க காரணமின்றிப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாது போராடியதன் பலனாக வந்த சட்டம் அது. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய், இன்றும் மாறவில்லை. அந்த ஐம்பது ரூபாய் யாரையும் தடுப்பதில்லை. நம் ஏச்சும் தடுக்காது. ஏச்சு வாங்கியவர் அடுத்து நாயை நெலமங்கலா நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போவார். பெயரும் வயதும் நோயும் தெரியாத நாயாக அது நம்மிடமே திரும்பி வரும். நேர்மையாக வந்து கேட்கிறவரிடம் நாம் வாங்க வேண்டியது தகவல். என்ன பெயர் சொன்னால் திரும்பும், எங்கே தூங்கும், தயிர்சாதம் பிடிக்குமா, கோழி ஒத்துக்கொள்ளுமா, பூனையைப் பார்த்தால் என்ன செய்யும், யார் மடியில் வளர்ந்தது. அவரை உட்கார வைத்து எழுதி வாங்குங்கள். அவர் முன்னாலேயே மைக்ரோசிப் பதிவையும் மாற்றுங்கள். புது வீடு கிடைக்கும்வரை இரண்டு மாதமாவது நாயை வைத்திருக்கும்படியும் கேளுங்கள். முறையாகக் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள்.

வரலாறு தெரிந்தால் மனிதர்கள் முன்வருவார்கள் என்பதற்கு இதே ஊரில் சான்று உண்டு. 2016இல் பெங்களூரு ஆய்வகம் ஒன்றிலிருந்து 150க்கும் மேற்பட்ட பீகிள் நாய்கள் விடுவிக்கப்பட்டபோது கூபா அவற்றுக்கு வீடு தேடியது. கூண்டிலேயே வளர்ந்து, புல்லையும் மாடிப்படியையும் அறியாத நாய்கள். குட்டிகளும் அல்ல. அவை எங்கிருந்து வருகின்றன, எதற்கு மிரளும், எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை ஒளிக்காமல் சொன்னார்கள். குடும்பங்கள் வந்தன.

முதியநாய்க்குப் பொருந்தும் வீடு எது என்பதிலும் நம் சொல்லுக்கு மதிப்பு உண்டு. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வேண்டாம். பகலில் ஒருவராவது இருக்கிற வீடாகப் பாருங்கள். ஜெயநகரிலும் மல்லேஸ்வரத்திலும் ஓய்வுபெற்ற தம்பதிகள் நிறைய, "இனிமே குட்டி வளர்த்தா எங்களுக்கப்புறம் அதை யார் பார்ப்பா?" என்று தயங்கி நிற்பவர்கள் அவர்கள். ஒன்பது வயது நாய் அவர்களுக்காகவே பிறந்தது. செருப்பைக் கடிக்காது, காலையும் மாலையும் சிறு நடை போதும். ஃபுளோரிடாவில் ஒரு காப்பகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பார்க்க வந்தவரின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்ட நாய்களே அதிகம் தத்துப் போயின. பந்து பொறுக்குவதில் கிழ நாய் தோற்கும். பக்கத்தில் படுப்பதில் அதை வெல்ல ஆளில்லை. ஆகவே கூண்டுக் கம்பிக்கு வெளியே நின்று காட்டாமல், பாய் விரித்த அமைதியான அறையில் சந்திக்க வையுங்கள். முடிந்தால் இரண்டு நாள் அந்த வீட்டிலேயே தங்க விடுங்கள். அமெரிக்கக் காப்பகங்களில் கன்ட்டர் குழுவினர் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி ஓரிரு நாள் வீட்டில் தங்கிய நாய்கள் தத்துப் போகும் வாய்ப்பு 14 மடங்கு கூடியிருந்தது.

செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். தொடர் மருந்து தேவைப்படும் நாய்க்கு நிரந்தர ஃபாஸ்டர் முறை மிகப் பொருத்தம் என்பது இந்த இதழின் கருத்து. நாய் வீட்டில் வாழும். சோறும் அன்பும் அந்தக் குடும்பத்துடையது. மருத்துவச் செலவு அமைப்புடையது. டென்னஸியின் ‘ஓல்ட் ஃபிரண்ட்ஸ்’ இதை வருடக்கணக்காகச் செய்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ‘மட்வில்’ 2007 முதல் முதியநாய்களுக்கு மட்டுமே வீடு தேடுகிறது. பெங்களூருவில் இதைத் தொடங்கக் கோடி ரூபாய் வேண்டாம். ஒரு கிளினிக், வருடத்துக்கு இரண்டு முதியநாய்களின் ஆலோசனைக் கட்டணத்தையும் ரத்தப் பரிசோதனையையும் ஏற்றுக்கொண்டால் போதும்.

எல்லா நாய்க்கும் வீடு தேடுவது கருணை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வில்லலோபோஸ் அட்டவணையில் ஏழு அம்சங்களையும் கூட்டி 35ஐத் தொடாத நாயை, மண்ணீரல் கட்டி வெடித்து ரத்தம் சேரும் நாயை, பெயர் தெரியாத கூண்டில் சாக அனுப்பக் கூடாது. அது தன் வீட்டில், தன் மனிதர் கைபட, வலியில்லாமல் போகட்டும். அதே கண்டிப்போடு, "ஊருக்குப் போறோம், ஊசி போட்டுடுங்க" என்று ஆரோக்கியமான நாயைக் கொண்டுவருகிறவருக்கு மறுப்பும் சொல்ல வேண்டும். இரண்டையும் சொல்லும் துணிவு தொழிலின் பகுதி.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020 ஊரடங்கில் வாங்கிய குட்டிகள் இப்போது நடுவயதில் இருக்கின்றன. 2022இல் ‘777 சார்லி’ படம் வந்த காலத்தில் ஆசையோடு கொண்டுவந்த லேப்களும் பின்னாலேயே வருகின்றன. 2030ஐ ஒட்டி இவையெல்லாம் முதியநாய்கள். வீடு மாறும், வேலை மாறும், நாடு மாறும் இந்த நகரத்தில் அவற்றில் எத்தனை அந்தத் தொலைபேசி அழைப்பாக மாறும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த இதழில் முதியநாய் மாற்றுப் படிவம் ஒன்றின் மாதிரியை ஒரே பக்கத்தில் அச்சிடுகிறோம்: எடை, உடல்நிலை மதிப்பெண், கடைசி ரத்த முடிவுகள், கட்டிகளின் வரைபடம், மருந்தும் மாதச் செலவும், பழக்கவழக்கம், மருத்துவரின் கையெழுத்து. தமிழிலும் கன்னடத்திலும் இருக்கும். எட்டு வயது தாண்டிய ஒவ்வொரு நாய்க்கும் வருடாந்திரப் பரிசோதனையின்போதே, யாரும் கேட்பதற்கு முன்பே, அதை நிரப்பி உரிமையாளர் கையில் கொடுங்கள். உங்கள் கிளினிக் வருடத்துக்கு எத்தனை முதியநாய்களின் செலவை ஏற்க முடியும் என்பதை எழுதி அனுப்புங்கள்; காப்பகங்களிடம் அந்தப் பட்டியலை நாங்களே சேர்க்கிறோம்.