ஆய்வுக்கு நேரம் எங்கே?

முதுநிலை மருத்துவ மாணவர் பட்டம் பெற ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். இரவுப் பணிக்கு நடுவே பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, எக்செல் கட்டங்களை நிரப்புவதுதான் பலருக்கும் ஆராய்ச்சியோடு ஏற்படும் ஒரே பரிச்சயம். பைண்டிங் செய்த ஆய்வேடு துறை அலமாரியில் ஏறியதும் கதை முடிந்தது.

ஆய்வு நமக்குப் புதிதல்ல. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்வது சானடோரியச் சிகிச்சைக்கு ஈடானது என்று நிரூபித்தது. காசநோய் சிகிச்சையை உலகம் பார்த்த பார்வையே மாறியது. அது யாரோ ஓய்வு நேரத்தில் செய்த வேலையல்ல; இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகியவை சேர்ந்து தாங்கிய முயற்சி.

இன்று ஆய்வு முறைகள் குறித்த இணையவழிப் படிப்பு முதுநிலை மாணவர்களுக்குக் கட்டாயம். நடத்துவது சென்னையின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். நல்லதுதான். ஆனால், எதிர்பார்த்த முடிவு வராதபோது அடுத்து என்ன செய்வது என்பதைக் காணொலி சொல்லித்தராது. பக்கத்தில் ஒரு மூத்தவர் வேண்டும்.

அமெரிக்க அரசின் கே23 நிதியுதவி, இளம் மருத்துவரின் பணி நேரத்தில் பொதுவாக 75 சதவீதத்தை ஆய்வுக்கு ஒதுக்கச் சொல்கிறது. வழிகாட்டி யார் என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும். நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் புறநோயாளிகள் வரிசையை விட்டு எந்த உதவிப் பேராசிரியர் அப்படி எழுந்து போக முடியும்? வாரம் இரண்டு நாளாவது அவரை விடுவிக்க, மாற்று மருத்துவருக்கான சம்பளத்தையும் ஆய்வு நிதியிலேயே சேர்த்து ஒதுக்க வேண்டும்.