பழசை வாங்கி அடுக்குவது பாரம்பரியம் காப்பது ஆகாது



கொஞ்ச நாளாக உங்களில் பலர் புதுவீட்டுப் படங்களைப் போட்டு வருகிறீர்கள். பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வீடு மாறினாலும் படம் மாறவில்லை. வாசலில் உருளி நிறையத் தண்ணீர், மேலே மிதக்கும் பூ. ஹாலில் ஒரு தேக்குத் தூண், அது தாங்குவதற்கு மேலே ஒன்றும் இல்லை. சுவரில் பல்லாங்குழி. மூலையில் பாடாத கிராமபோன். அதன் பக்கத்தில் ஒரு மரக்கால், அதற்குள் மணி பிளாண்ட். கீழே "விண்டேஜ் கார்னர், நம் பாரம்பரியத்தைக் காப்போம்" என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் மறுக்கிறேன். நீல நாற்காலியையும் மஞ்சள் சுவரையும் துருப்பிடித்த தகரப் பெட்டியையும் ஒன்றாக வையுங்கள். உங்கள் வீடு, உங்கள் ரசனை. ஆனால் கடையில் பழசு வாங்கி அடுக்குவதைப் பாரம்பரியம் காப்பது என்று சொல்லாதீர்கள். பல சமயம் அது நேர்மாறான வேலையைச் செய்கிறது.

அந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். நிலைக்கதவு, ஜன்னல், தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் அடுக்கு என்று கடை கடையாகக் குவிந்து கிடக்கும். எல்லாம் ஒரு காலத்தில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நின்ற வீடுகளின் உறுப்புகள். பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணத்தில் கட்டிய வீடுகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்த வருமானம் நொறுங்கியது. வீடு நின்றது, பங்காளிகள் பெருகினார்கள். இன்று ஒரே வீட்டுக்குப் பல பத்துப் பங்குகள். ஆளுக்கொரு நாட்டில் இருப்பவர்கள் சேர்ந்து ஓடு மாற்ற முடியவில்லை. பிரித்து விற்றுப் பணத்தைப் பங்கு போடுவது சுலபம்.

"நான் வாங்காவிட்டால் அது விறகாகத்தானே போயிருக்கும், டீச்சர்?" என்று கேட்பீர்கள். ஏற்கெனவே இடிந்து விழுந்த வீட்டின் கதவு என்றால் உங்கள் பேச்சு சரி. வாங்குங்கள், நானே பாராட்டுவேன். ஆனால் விழுந்த வீட்டுக் கதவையும் நிற்கிற வீட்டிலிருந்து பெயர்த்த கதவையும் சந்தை பிரித்துப் பார்ப்பதில்லை. முழு வீட்டுக்கு வாங்க ஆளில்லை, உதிரிக்கு ஆள் வரிசையில் நிற்கிறது என்றால் என்ன நடக்கும்? விற்பவரையும் கடைக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டின் ஒரு மழைக்காலச் செலவு என்ன என்று உடையவருக்குத்தான் தெரியும். வரிசையில் நிற்பது நாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஊரில் வீடு இருந்தால்தானே பட்டியலுக்குப் பொருள் உண்டு?

இரண்டாவது, பொருள் என்ன செய்தது என்று தெரியாமல் அதைக் கொஞ்சுவது. மரக்காலில் செடி வைத்தவர்களே, வாய்பாட்டில் 8 படி ஒரு மரக்கால். நடப்பில் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். வாங்கும்போது பெரிய மரக்கால், கூலி கொடுக்கும்போது சின்ன மரக்கால் என்று அளந்த பண்ணைகள் இருந்தன. முத்திரையிட்ட மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்பது 1940களில் தஞ்சை விவசாயத் தொழிலாளர் போராடிக் கேட்ட ஒன்று. உங்கள் செடி நிற்கிற பாத்திரத்துக்குள் அந்தச் சண்டையும் இருக்கிறது. 'அந்தக் காலம் பொற்காலம்' என்று எழுதுமுன் அது யாருக்கு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மூன்றாவதுதான் என்னை எழுத வைத்தது. பழைய பித்தளைக் குடத்தின் கழுத்துப் பக்கம் பாருங்கள். புள்ளி புள்ளியாகக் குத்திய ஒரு பெயர் இருக்கும். மீனாட்சி, அலமேலு, சிவகாமி. சீராகக் கொடுத்தபோது வெட்டிய பெயர். தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தம் வரும்வரை இந்துக் குடும்பத்தில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கிடையாது. பட்டாவில் பெயர் இல்லை, பத்திரத்தில் பெயர் இல்லை, பலருக்குப் பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் இல்லை. அந்தப் பெண்களின் பெயர் ஏறிய இடம் அந்தக் குடத்தின் கழுத்து ஒன்றுதான்.

அந்தக் குடத்தை நாம் என்ன செய்தோம்? நம் வீட்டுப் பாட்டியின் குடத்தையும் அண்டாவையும் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கினோம். இப்போது யாரோ ஒரு வீட்டுப் பாட்டியின் குடத்தைப் பல மடங்கு விலைக்கு வாங்கி, அதில் குடை செருகி வைக்கிறோம். சொந்தப் பாட்டியின் பெயர் உருக்கு உலையில், அடுத்தவர் பாட்டியின் பெயர் நம் செருப்பு ஸ்டாண்டு அருகில். இதற்குப் பெயர் பாரம்பரியமா?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்பீர்கள். சொல்கிறேன்.

கடைக்குப் போகுமுன் ஊர் வீட்டுப் பரணில் ஏறுங்கள். அங்கே கிடப்பதை இறக்கி, துடைத்து, அம்மாவிடமோ அத்தையிடமோ "இது யாருடையது, எதற்கு?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

கடையில் வாங்கினால், எந்த ஊர், எந்த வீடு, வீடு நிற்கிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காமல் திரும்புங்கள். வாங்கிய பொருளில் பெயர் இருந்தால் தேய்த்து அழிக்காதீர்கள்.

சிலை, ஓலைச்சுவடி பக்கம் அழகுக்காகப் போகவே வேண்டாம். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளும் 75 ஆண்டு கடந்த மதிப்புமிக்க சுவடியும் தொல்பொருள் ஆகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, பொருளுக்கு வேலை கொடுங்கள். உருளியில் ஒரு நாள் பாயசம் கிண்டுங்கள். பல்லாங்குழியைச் சுவரிலிருந்து இறக்கிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஆடுங்கள். சோழி கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை போதும்.

லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்று மிச்சம் இருந்தால், படத்தையும் அந்தப் பெயரையும் கீழே எழுதுங்கள். அவர் உங்களுக்கு என்ன உறவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என்னோடு மாறுபடுகிறவர்களும் தாராளமாக எழுதலாம். வகுப்பில் போலவே, காரணம் சொல்லி எழுத வேண்டும்.