மருந்தைவிடத் தாமதமே ஆபத்து

ஹெபடைடிஸ் சி கல்லீரல் நோயாகவே பரவலாக அறியப்படுகிறது. ஆனால், வைரஸும் அதற்கு எதிராக உடல் உருவாக்கும் புரதங்களும் பிணைந்து, சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் படிந்து அவற்றையும் சிதைக்கக்கூடும். மறுபுறம், தொற்றுத் தடுப்பு விதிகள் தளரும் இடங்களில் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இந்த வைரஸ் தொற்றும் அபாயம் உண்டு. இப்படி இரு பாதிப்புகளும் உள்ள ஒருவருக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைக் கொடுக்கலாமா? இதற்கு மருத்துவ உலகம் தரும் விடை மாறிவிட்டது. அந்த மாற்றம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்கள்வரை சென்றுசேர வேண்டும் என்பதே என் வாதம்.

பழைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையுமே சிகிச்சை. சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடலில் ரிபாவிரின் தேங்கி, கடும் ரத்தசோகையை உண்டாக்கும். 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர் இந்த நிலையை மாற்றியது. எனினும், அதன் முக்கியச் சிதைவுப்பொருளும் சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லி லிட்டருக்குக் கீழே சென்றவர்களுக்கு அது தொடக்கத்தில் பரிந்துரைக்கப்படவில்லை.

பின்னர் வந்த ஆய்வுகளின் அடிப்படையில் 2019 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த வரம்பை நீக்கியது. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் மருந்தின் அளவைக் குறைக்கத் தேவையில்லை என்றானது. 2022-ல் சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுதல்களும் இதை ஏற்றன. சோஃபோஸ்புவிருடன் தரப்படும் டக்லாடாஸ்விர் பெரும்பாலும் கல்லீரல் வழியாகவே வெளியேறுகிறது.

அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைக்கப்பட்ட மருந்து இது. 2014-ல் இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்ததால் இங்கே விலை சரிந்தது. 2018 ஜூலை 28-ல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். சிகிச்சையை முடிப்பவர்களில் 95 சதவீதத்தினருக்கு மேல் குணமடைகின்றனர்.

இதனால் எச்சரிக்கையே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கல்லீரல் முற்றிலும் நலிந்தவர்களுக்கு ரிபாவிரின் சேர்க்கும்போது சிறுநீரகத் திறனைக் கணக்கிட்டே அளவை முடிவுசெய்ய வேண்டும். இதய நோய்க்கான அமியோடரோன் எடுப்பவர்களுக்கு சோஃபோஸ்புவிர் இதயத் துடிப்பை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும். ஹெபடைடிஸ் பி தொற்றும் இருந்தால் அது மீண்டும் தலைதூக்கலாம். இவற்றை எளிய ரத்தப் பரிசோதனைகளாலும், நோயாளி உட்கொள்ளும் மருந்துகளைக் கேட்டறிவதாலும் முன்கூட்டியே கண்டறிந்துவிடலாம். உடல்வலிக்காகக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி நிவாரணிகள், சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இந்த மாத்திரைகளைவிடக் கேடானவை. அதையும் மருத்துவர் கேட்க வேண்டும்.

பெரிய மருத்துவமனைகளான ஜிப்மர் கோரிமேட்டிலும், இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி கதிர்காமத்திலும் உள்ளன. பாகூரின் விவசாயக் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலி இழப்பு. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸுக்குச் செல்பவருக்கு இன்னொரு பயணம் உடலாலும் இயலாது. எனவே, நோயாளியை அலைக்கழிப்பதற்குப் பதிலாக அவரது ரத்த மாதிரி நகரத்துக்குச் செல்லட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் ஒரே ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி, சி, கிரியாட்டினின் மூன்றையும் பார்க்கலாம். நிபுணரின் ஒப்புதலுடன் மாத்திரைகளை அங்கேயே வழங்கலாம். சிகிச்சை முடிந்த 12-வது வாரத்தில் வைரஸ் நீங்கியதா என்பதையும் அங்கேயே உறுதிசெய்யலாம்.

டயாலிசிஸ் மையங்கள் ஒவ்வொருவரையும் சேர்க்கும்போதும், பிறகு ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் பரிசோதிப்பது கட்டாயமாக வேண்டும். ஒருமுறை குணமானவருக்கு மீண்டும் தொற்றாது என்ற உத்தரவாதம் இல்லை. சிறுநீரக நோயைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போட இன்று அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. இதைக் கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிப்பதே புதுவை அரசின் முதல் பணியாக இருக்க வேண்டும்.