தடை குஞ்சுப் பொரிப்பகத்தில் தொடங்கட்டும்

ஆப்பிரிக்கக் கெளிறு வளர்ப்புக்கு மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை விதித்துவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அந்த மீன் கோழிக்கழிவைத் தின்று குட்டைகளில் கொழுக்கிறது, சந்தைக்கும் வருகிறது. அவ்வப்போது அதிகாரிகள் குட்டைகளை அழிக்கிறார்கள். குஞ்சு விற்பவரைத் தொடாதவரை இந்த நடவடிக்கையால் பயன் இல்லை. இதைச் சுகாதாரக் கேடாக மட்டுமே பேசுவதால் இன்னொரு பெரிய இழப்பு நம் கண்ணில் படுவதில்லை. கிழக்கு, வடகிழக்கு இந்தியாவின் நாட்டுக் கெளிறான மாகூர், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இருக்கிறது.

மாகூர் மழைக்காலத்தில் ஆழமில்லாத தண்ணீரிலும் வயல்களிலும் குழி அமைத்து முட்டையிடும். ஆண் மீன் காவல் நிற்கும். ஒரு தாய் இடுவது சில ஆயிரம் முட்டைகள்தான். தாழ்நிலங்களை மண் கொட்டி மூடியதும், வயலில் அடிக்கும் பூச்சிமருந்தும் அதன் பேறுகால இடங்களை ஏற்கெனவே சுருக்கிவிட்டன. செவுளுக்கு மேலே மரக்கிளை போல் விரிந்த உறுப்பால் நேரடியாகக் காற்றைச் சுவாசிப்பதுதான் மாகூரின் பலம். ஆப்பிரிக்கக் கெளிறுக்கும் அதே உறுப்பு உண்டு. போதாக்குறைக்கு அது ஓராண்டுக்குள் ஒரு கிலோவைத் தாண்டும், பல மடங்கு முட்டையிடும், சிறு மீன்களை விழுங்கும். வெள்ளத்தில் கரை உடைந்தால் ஆற்றுக்குப் போய்விடும். தாய்லாந்தில் இதையும் உள்நாட்டுக் கெளிறையும் கலந்து உருவாக்கிய கலப்பினம் பண்ணையிலிருந்து தப்பி, அங்குள்ள இயற்கை இனத்தின் மரபணுவிலேயே கலந்துவிட்டது.

ஏழைகளுக்கு மலிவான மீன் இது என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால், ஏழைகள் வலைவீசி விலையில்லாமல் பிடித்து உண்ட நாட்டு மீன்களைத்தானே இது தின்கிறது? பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள்ளேயே புகுந்துவிட்ட மீனை இனி எப்படித் தடுப்பது என்றும் கேட்கலாம். ஒரு நீர்நிலையில் புகுந்ததை, மற்ற எல்லாவற்றிலும் விடுவதற்கான அனுமதியாகக் கொள்ள முடியாது. பொரிப்பகத்தில் மாகூரைப் பெருக்கிக்கொள்ளலாம் என்பதும் எளிதல்ல. வயிற்றை அழுத்தினால் ஆண் மீனிடமிருந்து விந்து வராது; அதைக் கொன்று விரையை வெட்டி எடுக்க வேண்டும். இயற்கையில் காவல் நிற்கும் ஆண் மீனைப் பலிகொடுக்கும் இந்த முறை வயல்வெளிப் பெருக்கத்துக்கு ஈடாகாது. ஆகவே மீன்வளத் துறைகள் முதலில் குஞ்சுப் பொரிப்பகங்களையும் குஞ்சு ஏற்றிச் செல்லும் வண்டிகளையும் சோதிக்க வேண்டும். குட்டையை இழக்கும் சிறு விவசாயிக்கு நாட்டு மீன் குஞ்சுகளை மானியத்தில் தர வேண்டும்.